நிறத்துக்கு என்ன விலை?

வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துப் போனால் நம் வீட்டுப் பெண்மணிகள் கொஞ்சமும் தயங்குவதில்லை. ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கிப் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். கறுப்பு என்பது அழுக்கு. அழுக்கைப் போக்க வேண்டியது கடமை. இதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வெள்ளி நாணயத்தின் மேல் படிந்த அந்த 'அழுக்கு'க்காகவே நாணயத்தின் சாதாரண விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறவர்களின் கூட்டம். விபூதியைக் கண்டால் அவர்களுக்கு நெஞ்சு பதறிப் போகும்! அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அவர்கள் பணம் கொடுப்பது எதற்காக, அது புத்திசாலித்தனந்தானா என்பதை அந்த நாணயத்தின் சரித்திரத்தைக் கொண்டே பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. அந்தச் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

நாணயத்தின் பெயர் மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்பவர் இங்கிலாந்தில் பிறந்த சிற்பி. 1876-ல் பிலடெல்பியா நாணயசாலைக்கு வேலைக்கு வந்தார். அவர் செதுக்கிய சுதந்திர தேவியின் முகம் ஒரு புறம். சிறகு விரித்த கழுகு மறு புறம். எடை இருபத்தாறே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. நம் பழைய வெள்ளி ரூபாயைப் போல இரண்டு பங்குக்கு மேல் கனம்.

இவ்வளவு பெரிய நாணயம் யாருக்கு வேண்டியிருந்தது? உண்மையில் ஜனங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. சுரங்க முதலாளிகளுக்குத்தான் வேண்டியிருந்தது. நெவாடா சுரங்கங்களில் வெள்ளி மலையாகக் குவிந்து விலை இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1878-ல் ஜனாதிபதி ஹேய்ஸ் மறுத்தும் கேளாமல், பிளாண்ட்-அலிஸன் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. மாதா மாதம் இருபது லட்சம் டாலருக்குக் குறையாமல், நாற்பது லட்சத்துக்கு மேற்படாமல் சர்க்கார் வெள்ளி வாங்கி நாணயம் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நாணயசாலைகள் இரைச்சலோடு அடித்துத் தள்ளின. ஜனங்களோ, "இந்தக் கனத்தை யார் சட்டைப் பையில் தூக்கிக்கொண்டு அலைவது?" என்று காகித நோட்டையே கேட்டார்கள். ஆகவே கோடிக்கணக்கான டாலர்கள் ஒரு கையிலும் புழங்காமலே, ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டப்பட்டு, பொக்கிஷ அறைகளின் இருட்டுக்குள் போய்ச் சேர்ந்தன.

அந்த இருட்டிலேதான் வர்ணஜாலம் ஆரம்பமாயிற்று.

காற்றிலும் துணியிலும் காகிதத்திலும் கந்தகத்தின் சத்துக் கொஞ்சம் இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து மிக மெல்லிய ஏடாகப் படிகிறது. மெல்லிய என்றால் எவ்வளவு? தலைமயிரின் கனத்தை ஆயிரம் பங்காக வகுத்து ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. ஏட்டின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஏட்டைத் துளைத்துச் சென்று உள்ளேயிருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்களை அழித்துச் சில நிறங்களை ஓங்கச் செய்கின்றன. மழை நாளில் தெருவில் சிந்திய எண்ணெயிலும், குழந்தைகள் ஊதும் சோப்புக் குமிழியிலும் வானவில்லைக் காண்கிறோமே, அதே வித்தைதான்.

ஏடு தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் இளம் பொன், பிறகு தேன், பிறகு கத்தரிப் பூ, பிறகு நீலம். அதற்கப்பால் மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை என்று இரண்டாவது சுற்று. கடைசியில் கரிக் கறுப்பு. பையின் ஓரத்தில் துணியை ஒட்டிக் கிடந்த நாணயத்துக்குத்தான் இந்த யோகம் அடித்தது. நடுவில் கிடந்தவை வெள்ளை வெளேரென்றே இருந்தன. ஒரு நாணயத்தின் மேல் இன்னொன்று பாதி மூடிக் கிடந்தால், மூடாத பகுதியில் மட்டும் பிறைச்சந்திர வடிவத்தில் நிறம் ஏறியது. சில நாணயங்களில் பைத் துணியின் இழை ஓடிய சுவடுகூட நிறமாகப் பதிந்திருப்பதைக் காணலாம். இதைத்தான் ஆங்கிலத்தில் 'டோனிங்' என்கிறார்கள். நாம் நிறமேற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

இனி நம் தேசத்தின் பங்குக்கு வருகிறேன். முதல் மகா யுத்தத்தின்போது இந்தியாவில் ரூபாய் நோட்டுக்கு ஈடாகக் கொடுக்க வெள்ளி போதவில்லை. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க்குக்கூடக் காகித நோட்டு அடிக்க வேண்டியதாயிற்று. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு ஜனங்கள் சர்க்கார் கஜானாக்களை முற்றுகையிட்டார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் அமெரிக்காவைக் கெஞ்சியது. 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் பிறந்தது. மொத்தம் இருபத்தேழு கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அவற்றில் கிட்டத்தட்ட இருபத்தாறு கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காக விற்கப்பட்டது. சுதந்திர தேவியின் முகம் கரைந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் ஆயிற்று. அந்த ரூபாய்களில் எத்தனை நம் பாட்டிமார்களின் கொலுசாகவும் அரைஞாணாகவும் மறுபிறவி எடுத்தனவோ, யார் கண்டது?

ஆனால் உருக்கியவர்கள் எந்த வருஷத்து நாணயம், எந்த ஊரில் அடித்தது என்று கணக்கு எழுதி வைக்கவில்லை. இந்த அலட்சியத்திலிருந்துதான் நம் கதையின் முக்கியமான கட்டம் பிறக்கிறது.

1903-ம் வருஷம் நியூ ஆர்லியன்ஸ் நாணயசாலையில் நாற்பத்து நாலரை லட்சம் டாலர்கள் அடித்திருந்தார்கள். ஆனால் புழங்காத நாணயம் ஒன்றுகூடக் கண்ணில் படுவது அபூர்வமாக இருந்தது. எல்லாம் 1918-ல் உருகிப் போயின என்று சேகரிப்பவர்கள் முடிவு கட்டினார்கள். 1960-களின் ஆரம்பத்தில் ஒன்றுக்கு 1,500 டாலர் விலை. அந்த நாளில் அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். 1962-ம் வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் செலவுக்கு ஜனங்கள் வெள்ளி டாலர் கேட்டார்கள் என்று பிலடெல்பியாவில் பல காலமாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். உள்ளே பை பையாக அதே 1903 நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள்! வங்கி ஜன்னலில் ஒரு டாலர் கொடுத்தால் ஒரு நாணயம். ஆயிரத்தைந்நூறு டாலர் விலை முப்பது டாலர் அளவுக்குச் சரிந்தது.

முந்தைய வருஷம் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் ஏமாறவில்லை, யாரும் அவரை ஏமாற்றவுமில்லை. நாணயம் அசல். விலையும் அன்றைய நியாயமான விலை. ஆயினும் அவர் வாங்கியது வெள்ளியை அல்ல, 'இது இவ்வளவுதான் இருக்கிறது' என்ற ஒரு நம்பிக்கையை. ஒரு சாவி திரும்பிய சத்தத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜனங்கள் சர்க்கார் பொக்கிஷத்தை மொய்த்தார்கள். 1964 மார்ச்சில் வெள்ளி டாலர் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நிறத்தை வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வாதம் சொல்வார்கள். நாணயம் சேகரிக்கும் என் நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். அவரிடம் 1881-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் அடித்த டாலர் ஒன்று இருக்கிறது. ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் அடித்த நாணயம். அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும் ஓடுகிறது.

"என்ன ஸார், இந்த நிறத்துக்காகவா இவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வருஷத்துக்கு ஜோடி கிடைக்கும், ஸார். ஊருக்கு ஜோடி கிடைக்கும். இந்த நிறத்துக்கு ஜோடி கிடைக்குமா? எந்த அறையைத் திறந்தாலும் இதே மாதிரி இன்னொன்று வெளியே வராது!" என்றார்.

அழகான வாதம், பாதி உண்மையும் கூட. ஒரு நாணயத்தில் ஏறிய நிறம் இன்னொன்றில் அப்படியே ஏறாது. ஆனால் ஜோடியில்லாத பொருளெல்லாம் விலை உயர்ந்த பொருள் ஆகிவிடுமா? என் கட்டைவிரல் ரேகைக்கும் ஜோடி கிடையாது. அதை யாரும் ஏலம் கேட்டு வரவில்லை. ஒன்றே ஒன்று இருப்பதோடு, அதை விரும்பும் இருவராவது இருக்க வேண்டும். விருப்பம் இருக்கிறதே, அது பொக்கிஷ அறையைவிடச் சுலபமாகத் திறந்து மூடுவது.

இதற்கும் சரித்திரம் சாட்சி சொல்லும். ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் விபூதிக் கட்சியிலேதான் இருந்தார்கள். வெள்ளை நாணயமே நாணயம் என்றார்கள். அமிலம் கலந்த திரவத்தில் முக்கி எடுத்து நிறத்தைக் கழுவினார்கள். ஒவ்வொரு முறை முக்கும்போதும் வெள்ளியின் மேல்தோலில் ஒரு நூலளவு கரைந்து போகும். நாலைந்து முறைக்குப் பிறகு அச்சிலிருந்து வந்த அந்தப் பிறவி ஒளியே செத்துப் போகும். அப்படி எத்தனை மயில் கழுத்துகளைக் கழுவிக் கொட்டினார்களோ! பிறகு காற்று மாறியது. 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று இரண்டு ஸ்தாபனங்கள் தோன்றி, நாணயத்தைச் சோதித்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டுக் கொடுக்க ஆரம்பித்தன. ஒரே வருஷம், ஒரே மார்க் உள்ள நாணயங்கள் எல்லாம் ஒன்று என்று ஆனபோது, நிறம் ஒன்றுதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது. கம்ப்யூட்டர் திரையில் படம் பார்த்து ஏலம் கேட்கும் காலமும் வந்தது. கேட்க வேண்டுமா? படத்தில் பளிச்சென்று தெரிவது நிறந்தானே!

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? அடுப்பில் வைத்துச் சூடு காட்டியும், கந்தகப் புகை பிடித்தும், ரசாயனம் தடவியும் அறுபது வருஷத்து வேலையை ஒரு ராத்திரியில் செய்துவிடுகிறார்கள். சில போலிகளில் நிறங்களின் வரிசை பிறழ்ந்திருக்கும். பொன்னிலிருந்து தேனுக்குப் போகாமல் நேரே நீலத்துக்குத் தாவும். சிலவற்றில் நிறம் உலோகத்தின் ஒளிக்குள்ளிருந்து வராமல் மேலே பூசியதுபோல் மிதக்கும். ஆனால் கெட்டிக்காரன் செய்த போலியைத் தேர்ந்த கண்ணும் தவறவிடலாம். ஏனென்றால் இரண்டிலும் இருப்பது அதே வெள்ளி, அதே கந்தகம். வித்தியாசம் காலத்தில்தான் இருக்கிறது. நிறத்துக்குப் பணம் கொடுப்பவர் உண்மையில் காலத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். காலம் நடந்ததற்கு ரசீது கிடையாது. சோதனை ஸ்தாபனத்தின் பெட்டிதான் சாட்சி. அதுவும் நிபுணர்களின் அபிப்பிராயமே தவிரப் பிறப்புச் சான்றிதழ் அல்ல.

இன்னொன்றும் உண்டு. நிறமேற்றம் என்பது முடிந்த காரியம் அல்ல, நடந்துகொண்டிருக்கும் காரியம். ஈரமும் கந்தகமும் உள்ள இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் அது மெல்ல நடக்கலாம். மயில் கழுத்துக்கு அடுத்த படிகளின் முடிவில் காக்கைக் கழுத்து காத்திருக்கிறது.

அப்படியானால் நிறத்துக்கு அதிக விலை கொடுப்பது முட்டாள்தனமா? வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது அது. பெண்ணின் கல்யாணத்துக்காகப் பணம் சேர்க்கிறவர் அதைத் தொடவே கூடாது. மேல்விலையைத் தாங்கி நிற்பது மற்றவர்களின் ரசனை. அது ஒரு முறை மாறியதைப் பார்த்தோம், இன்னொரு முறையும் மாறும். விற்கப் போகும் நாளில் இதே நிறத்தின்மேல் ஆசை கொண்ட இன்னொருவர் எதிரே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் வெறும் 1881 டாலரின் விலைதான்.

ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கடியில் அதைச் சாய்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று வாங்குகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. கச்சேரிக்கு டிக்கெட் வாங்குகிறோம். திரும்பி வரும்போது அந்த டிக்கெட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசிப்பதில்லை. அவர் செய்ய வேண்டியது இரண்டே காரியம். படத்தைப் பார்த்து வாங்காமல் நாணயத்தையே கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கட்டும். பிறகு நாணயத்தின் விலையை ஒரு காகிதத்திலும் நிறத்தின் விலையை இன்னொரு காகிதத்திலும் எழுதட்டும். இரண்டாவது காகிதத்தில் உள்ள தொகை முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால் தாராளமாக வாங்கலாம். தொகையை எழுதும்போதே கை நடுங்கினால், பக்கத்தில் இருக்கும் வெள்ளை நாணயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது நல்லது.

வீட்டில் விபூதி மடலை மட்டும் அதற்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.