பால் காய்ச்சாத வீடுகள்: அயர்லாந்தின் கதை

வீட்டு விலை ஏறினால் வாங்கி வைத்தவருக்கு லாபம், இறங்கினால் அவருக்கு நஷ்டம். இதில் மற்றவர்களுக்கு என்ன வந்தது? நம் வளாகத்துப் பூங்காவில் ஃபிளாட் விலைப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வரும். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை. அதற்கு நான் எடுத்துக்கொள்வது அயர்லாந்து நாட்டை.

அமெரிக்காவில் 2008இல் நடந்ததை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கே கடனைக் கூறுபோட்டுப் பத்திரமாக்கி விற்ற சிக்கல்கள் நடுவில் வந்து கண்ணை மறைக்கும். அயர்லாந்தில் அப்படி எதுவும் இல்லை. வங்கி கடன் கொடுத்தது, பில்டர் கட்டினார், ஜனங்கள் வாங்கினார்கள், ஒரு நாள் எல்லாம் நின்றுபோனது. 2006இல் அந்த நாட்டின் மக்கள்தொகையே 42 லட்சம்தான். சின்ன வீட்டில் குழாய் ஒழுகினால் எந்தச் சுவர் நனைகிறது என்று உடனே தெரிவதுபோல, பாதிப்பு எங்கிருந்து எங்கே போயிற்று என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

அயர்லாந்து நெடுங்காலம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு வழியனுப்பிய நாடு. 1980களின் நடுவில் வேலையில்லாதவர்கள் சுமார் 17 சதவீதம். 1990களில் நிலைமை மாறியது. குறைந்த கம்பெனி வரி, ஆங்கிலம் தெரிந்த படித்த இளைஞர்கள், பக்கத்திலேயே ஐரோப்பியச் சந்தை. இன்டெல், டெல், மைக்ரோசாஃப்ட் எல்லாம் கடை விரித்தன. ‘செல்டிக் புலி’ என்று பேர் வந்தது. இந்த வளர்ச்சி நிஜமானது, ஏற்றுமதியால் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்குச் சம்பளம் வந்தது, வீடு தேவைப்பட்டது, விலை ஏறியது. அதுவரை தப்பே இல்லை.

தப்பு ஆரம்பித்தது 2001, 2002 வாக்கில். ஏற்றுமதி வேகம் குறைந்தது. வீட்டு விலை மட்டும் குறையவில்லை. 1999இலேயே அயர்லாந்து யூரோவில் சேர்ந்துவிட்டதால் வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது டப்ளின் அல்ல, ஃப்ராங்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி. மந்தமாக இருந்த ஜெர்மனி போன்ற பெரிய நாடுகளுக்கு ஏற்றபடி அந்த வங்கி 2003 நடுவிலிருந்து 2005 கடைசி வரை வட்டியை 2 சதவீதத்தில் வைத்திருந்தது. ஜுரம் அடிக்கிற பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டானிக்கைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

வங்கிகள் அதோடு நிற்கவில்லை. உள்ளூர் டெபாசிட் போதாமல் வெளிநாட்டில் கடன் வாங்கி உள்நாட்டில் கடன் கொடுத்தன. 2003 முடிவில் நாட்டு உற்பத்தியில் 10 சதவீதமாக இருந்த அந்த நிகர வெளிக்கடன், 2008 தொடக்கத்தில் 60 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டின் விலை முழுவதையுமே கடனாகக் கொடுக்கும் திட்டங்களும் வந்தன. எங்கள் காலத்தில் மார்ஜின் மணி கட்டாமல் ஃபைல் மேசையை விட்டு நகராது. கையிலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது போட்டவன்தான் கஷ்டகாலத்திலும் தவணை கட்டப் பார்ப்பான் என்பது மேனேஜர்கள் எங்களுக்கு ஓதிய வேதம்.

1996இல் ஒரு புது வீட்டின் சராசரி விலை சுமார் 87,000 யூரோ. 2007இல் அதுவே 3,22,000 யூரோ. 2006இல் மட்டும் ஏறத்தாழ 90,000 வீடுகள் கட்டினார்கள். அயர்லாந்தைப்போல் பதினான்கு மடங்கு ஜனத்தொகை உள்ள பிரிட்டன் அந்தக் காலத்தில் வருஷத்துக்குக் கட்டியது இரண்டு லட்சத்துச் சொச்சம்தான்.

மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. வேலை பார்ப்பவர்களில் எட்டில் ஒருவர், அதாவது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர், கட்டடத் தொழிலில் இருந்தார்கள். பள்ளியை முடித்த பையன்கள் கல்லூரிக்குப் போகாமல் சைட்டுக்குப் போனார்கள், கூலி அப்படி. 2004இல் போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வீடு கட்ட வந்தவர்களுக்கும் தங்க வீடு வேண்டுமே, அதனால் வாடகைக்கு ஆள் கிடைத்தது. வாடகை கிடைக்கிறது என்பதால் இன்னும் பலர் இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கினார்கள். பாம்பு தன் வாலைத் தானே தின்ற கதை.

அரசாங்கமும் இதே தட்டில்தான் சாப்பிட்டது. வீடு கைமாறும்போது கட்டும் முத்திரைத்தீர்வை 9 சதவீதம் வரை இருந்தது. 2006இல் எல்லா வகை முத்திரைத்தீர்வையும் சேர்த்து வந்தது சுமார் 370 கோடி யூரோ. பணம் வந்து கொட்டியதால் வருமான வரியைக் குறைத்தார்கள், அரசு ஊழியர் சம்பளத்தை உயர்த்தினார்கள். பட்ஜெட்டில் உபரி, நாட்டின் கடனோ உற்பத்தியில் கால்வாசிதான், ஐரோப்பாவிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று. பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் எந்த ஆடிட்டரும் முதுகில் தட்டியிருப்பார். ஆனால் வரவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை வரும் வருமானத்தை நம்பி மாதா மாதம் வரும் செலவை ஏற்றிக்கொண்டார்கள்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் மார்கன் கெல்லி. மற்ற நாடுகளில் முன்பு வீட்டு விலை ஏறி இறங்கிய சரித்திரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, இங்கே விலை பாதியளவுக்கு விழக்கூடும் என்று 2006 டிசம்பரில் ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அவரைக் கிறுக்கன் என்பதுபோல் பார்த்தார்கள். 2007 நடுவில் பிரதமர் பெர்ட்டி அஹர்ன், இப்படி ஓரமாய் உட்கார்ந்து புலம்புகிறவர்கள் ஏன் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் மேடையிலேயே பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

2007இல் விலை இறங்க ஆரம்பித்து 2013 தொடக்கம் வரை இறங்கிக்கொண்டே இருந்தது. உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் போயிற்று. டப்ளின் ஃபிளாட்டுகள் 60 சதவீதத்துக்கு மேல். ஆனால் நாட்டை முதலில் அடித்தது விலை இறக்கம் இல்லை, வேலை நின்றதுதான். விலை இறங்கும் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்க ஆள் இல்லாவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள். கட்டடத் தொழிலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஐந்தே வருஷத்தில் வேலை இழந்தார்கள். கொத்தனார் போனதும் சிமெண்டு கடை, பெயிண்டு கடை, மரச்சாமான் கடை, அவர்கள் மதியம் சாப்பிட்ட ஹோட்டல், வக்கீல் ஆபீஸ் என்று வரிசையாகப் படுத்தன. 5 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை 2012இல் 15 சதவீதம் ஆனது. 370 கோடியாக இருந்த முத்திரைத்தீர்வை 2010இல் 100 கோடிக்கும் கீழ்.

அடுத்து வங்கிகள். ஆங்லோ ஐரிஷ் வங்கி என்று ஒன்று. பில்டர்களுக்கும் நிலம் வாங்குபவர்களுக்கும் கடன் கொடுத்தே வளர்ந்தது. 2008 செப்டம்பரில் அது மூச்சுத் திணறியபோது, ஒரே ராத்திரியில் அரசாங்கம் முடிவெடுத்தது. செப்டம்பர் 30 காலையில் அறிவிப்பு: ஆறு வங்கிகளின் டெபாசிட்டுகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு அரசே ஜாமீன். மொத்தம் சுமார் 44,000 கோடி யூரோ, நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரிடம் “சார், கடன்காரர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், புரிந்துதானே போடுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்போம். அன்றைக்கு அங்கே அந்தக் கேள்வியைக் கேட்டும் பயன் இருந்திருக்காது. வங்கிகளின் உண்மையான நிலை அரசாங்கத்துக்கே தெரியவில்லை.

கடைசியில் வங்கிகளைக் காப்பாற்ற ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. குழந்தை குட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 14,000 யூரோ. ஆங்லோ ஐரிஷ் மட்டும் சுமார் 2,900 கோடியை விழுங்கியது. 2010இல் அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வருஷம் நவம்பரில், வெளிநாட்டு உதவிக்கு நாம் கேட்கவில்லை என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மத்திய வங்கி கவர்னர் பேட்ரிக் ஹோனஹன் ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து வானொலி நிலையத்துக்குத் தாமே போன் போட்டு, பெரிய கடன் வாங்கத்தான் போகிறோம் என்று காலை நிகழ்ச்சியில் சொல்லிவிட்டார். 8,500 கோடி யூரோ திட்டம். அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். வருங்கால ஓய்வூதியத்துக்கென்று 2001 முதல் சேர்த்து வைத்த நிதியில் பெரும்பகுதி வங்கிகளுக்குள் போயிற்று. பென்ஷனில் வாழும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். வாடகை வீட்டிலேயே இருந்த நர்ஸுக்கும் ஆசிரியருக்கும் சம்பள வெட்டு. எல்லோருக்கும் புதிய வருமான வரி, விற்பனை வரி 23 சதவீதம். வங்கிப் பங்கு பத்திரமானது, டிவிடெண்ட் வரும் என்று வைத்திருந்த முதியவர்களின் சேமிப்பு ஏறக்குறையப் பூஜ்யம். 2012 ஏப்ரலோடு முடிந்த ஒரே வருஷத்தில் சுமார் 87,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். கிராமங்களில் உள்ளூர் ஃபுட்பால் டீமுக்குப் பதினைந்து பையன்கள் சேராமல் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஆடினார்கள். வீடு வாங்கியவர்கள் பாடும் சுகமில்லை. 2013இல் சொந்த வீட்டுக்கடன்களில் எட்டில் ஒன்று 90 நாளுக்கு மேல் பாக்கி. விற்று அடைக்கலாம் என்றால், கடன் வீட்டின் விலையைவிடப் பெரிது.

கட்டிய வீடுகள் என்ன ஆயின? 2010இல் அரசு கணக்கெடுத்தபோது முடிக்கப்படாத காலனிகள் 2,800க்கும் மேல். ‘பேய்க் காலனி’ என்றே ஜனங்கள் அழைத்தார்கள். லீட்ரிம், லாங்ஃபோர்ட் போன்ற உள்நாட்டு மாவட்டங்களில் வரிச்சலுகை கொடுத்துக் கட்ட வைத்ததால் அங்கே அதிகம். 2011 கணக்கெடுப்பில் லீட்ரிமில் பத்தில் மூன்று வீடு காலி. தார் போடாத சாலை, இணைப்புக் கொடுக்காத தெருவிளக்கு, பாதியில் நின்ற சாக்கடை, நடுவே பால் காய்ச்சிக் குடிபோன நாலைந்து குடும்பங்கள். அந்த நாலைந்து பேர் மட்டும் முழுக் காலனியின் மெயின்டனன்ஸை எப்படிக் கட்டுவது? நம் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

முடித்துக் கொடுத்த கட்டடங்களிலும் வினை இருந்தது. வடக்கு டப்ளினில் பிரயரி ஹால் என்று ஒரு அடுக்குமாடி வளாகம், 187 ஃபிளாட். அவசரத்தில் கட்டியதில் தீ தடுப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கட்டடம் விதிப்படி இருக்கிறது என்று கட்டுபவர் தரப்பு நிபுணரே சான்று கொடுத்தால் போதும் என்பது அன்றைய ஏற்பாடு. 2011 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவின்படி எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு வருஷம் ஹோட்டலிலும் தற்காலிக வீடுகளிலும் இருந்துகொண்டு, குடியிருக்கவே முடியாத வீட்டின் கடன் அவர்கள் தலைமேல் நின்றது. 2013இல் அங்கே குடியிருந்த ஒரு குடும்பத் தலைவர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அரசும் வங்கிகளும் அசைந்து, அந்தக் கடன்களிலிருந்து அவர்களை விடுவித்தன. மாநகராட்சி கட்டடத்தை எடுத்துச் செப்பனிட்டது. 2014இல் சான்றளிப்பு விதிகள் இறுகின. அடுக்குமாடிகளில் உரிமையாளர் சங்கத்துக்குப் பொதுச்சொத்தை ஒப்படைக்க வேண்டும், பெரிய பழுதுக்கென்று தனி நிதி சேர்க்க வேண்டும் என்ற சட்டமும் 2011இல்தான் வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கடன் கிடைக்கவில்லை, பில்டர்கள் திவால், கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் இன்ஜினீயரும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும். 2013இல் கட்டி முடித்த வீடுகள் 5,000ஐக்கூட எட்டவில்லை. பொருளாதாரம் மீண்டு டப்ளினில் வேலைகள் பெருகியபோது குடியிருக்க இடம் இல்லை; லீட்ரிமில் கட்டிய வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே. 2016இல் வாடகை பழைய உச்சத்தைத் தாண்டியது. 2006 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்த அதே நாட்டில், 2019இல் அரசின் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகள்.

2015இல் அயர்லாந்து மத்திய வங்கி ஒரு வரம்பு கொண்டுவந்தது: வீட்டுக்கடன் பொதுவாக ஆண்டு வருமானத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, கையிலிருந்தும் ஒரு பங்கு போட வேண்டும். வீட்டு விலை மறுபடி ஏறியதும் இளைஞர்களால் வாங்க முடியவில்லை என்று கூக்குரல் எழுந்தது. 2023 ஜனவரி முதல், முதல் வீடு வாங்குபவர்களுக்கு வரம்பை நான்கு மடங்காகத் தளர்த்தினார்கள். என்னைக் கேட்டால் மூன்றரையே அதிகம்.