பாத்ஃபைண்டரும் ஒரு சின்னப் பூட்டும்

எம்பெடட் கணினி பற்றிப் பேச்சு வந்தாலே நான் எடுத்துவிடும் கதை, நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர். பல வருஷமாக அதைப் பாதி தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு.

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. கொஞ்ச நாளில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. அதில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ், ஒரு ரியல்-டைம் இயங்குதளம். ரியல்-டைம் என்றதும் படுவேகம் என்று நினைப்போம். அப்படியில்லை. சொன்ன நேரத்துக்குள் வேலை முடியணும், அவ்வளவுதான். பாத்ஃபைண்டரில் அந்தக் கெடு நொடிக்கு 8 தடவை வந்தது. கருவிகளின் தகவலைப் பிரித்துக் கொடுக்கும் டாஸ்க் கெடுவுக்குள் முடிந்ததா என்று இன்னொரு டாஸ்க் பார்க்கும். முடியவில்லையென்றால் ரீசெட்.

ஏன் முடியவில்லை? ஓர் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அது இப்போது கடைசி மேசை கிளார்க்கிடம். மேனேஜருக்கு அவசரமாக ஸ்டாம்ப் வேண்டும், காத்திருக்கிறார். நடுவில் இருக்கும் சூப்பர்வைசர்களுக்கு ஸ்டாம்பே தேவையில்லை. ஆனால் கிளார்க்கை மாற்றி மாற்றி வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள். அவரும் ஸ்டாம்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். கடைசியில் மேனேஜர் வேலை நிற்கிறது. பாத்ஃபைண்டரில் கிளார்க், வானிலைக் கருவியின் டாஸ்க். மேனேஜர், தகவல் பிரிக்கும் டாஸ்க். ஸ்டாம்ப், இயங்குதளத்துக்குள் மறைந்திருந்த ஒரு பூட்டு.

இந்தச் சிக்கலை ஜெராக்ஸில் மெசா மொழியோடு வேலை செய்த லாம்ப்சனும் ரெடெல்லும் 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். தீர்வை அலசி 1990-ல் கட்டுரை எழுதியவர்கள் லூயி ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். தீர்வு எளிமையானது: ஸ்டாம்ப் கையில் இருக்கும்வரை அந்த கிளார்க்குக்கு மேனேஜரின் முன்னுரிமை. நடுவில் யாரும் அவரைக் கூப்பிட முடியாது. விஎக்ஸ்வொர்க்ஸில் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டுக்கு மட்டும் போடாமல் விட்டிருந்தது. அதை ஆன் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது.

1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ரியல்-டைம் மாநாட்டில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இதைச் சொன்னார். தீர்வை எழுதியவர்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று பேரும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மைக் ஜோன்ஸ் எழுதிய மின்னஞ்சல்தான் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நான் சொல்லிவந்ததும் அந்த வடிவத்தைத்தான்.

பிறகு பாத்ஃபைண்டர் மென்பொருள் குழுவை நடத்திய க்ளென் ரீவ்ஸ் பதில் எழுதினார். ஏற்கெனவே சேகரித்த தகவல் அழியவில்லை, அன்றைய மிச்ச வேலைதான் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பூமியிலிருந்து கட்டளை தட்டி நேராக மாற்றவில்லை, பழைய நிரலுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பித் திருத்தினார்கள்.

எனக்கு உறைத்தது இன்னொன்று. இறங்குவதற்கு முன்பே இந்த ரீசெட்டை அவர்கள் பார்த்திருந்தார்கள். மறுபடி வரவைக்க முடியவில்லை. மறக்கவும் இல்லை, அலட்சியமும் இல்லை. பத்திரமாகத் தரையிறக்கும் மென்பொருள்தான் அப்போது முதல் முன்னுரிமை.

'டெஸ்ட் பண்ணியிருந்தால் பிடித்திருக்கலாமே' என்று இந்தக் கதை முடிவில் நானும் சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன். எப்போதோ ஒரு தடவை வரும் தவறு ஆய்வகத்தில் நாம் கூப்பிட்டால் வராது. அது வரும் நாளில் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கணும். உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவு செய்யும் வசதியை அவர்கள் மென்பொருளிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தார்கள். பூமியில் இருந்த நகல் கணினியில் அதை ஓடவிட்டுத்தான் காரணத்தைப் பிடித்தார்கள்.