செய்மதிப் படிமமும் சிலாபக் களப்பும்

1972 இல் முதலாவது லான்ட்சாற் செய்மதி ஏவப்பட்டதும், தன் நிலத்தின் படிமத்தில் ஒரு நாட்டுக்குரிய உரிமை யாது என்னும் வினா எழுந்தது. முன்னிசைவு வேண்டுமென ஆர்ஜென்ரீனா, பிரேசில் ஆகியன வற்புறுத்தின. 1986 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள் அதனை வழங்கவில்லை. பாரபட்சமின்றி, நியாயமான விலையில் தரவுகளைப் பெறலாம் என்றே கூறின. நியாயவிலை எதுவென அவை வரையறுக்கவில்லை. 1984 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தால் விற்பனை தனியார் கைக்குச் சென்றிருந்தமையால், ஒரு படிமத்தின் விலை 4,000 டொலரையும் தாண்டிற்று.

இக்காலப்பகுதியிலேயே சிலாபக் களப்போரத்துக் கண்டற்காடுகள் பல இறாற் பண்ணைகளாயின. விண்ணிலிருந்து பதிந்த படிமங்களோ களப்பு மீனவர்க்கு எட்டாப் பொருளாயிருந்தன. 2008 இல் ஐக்கிய அமெரிக்கா லான்ட்சாற் சேமிப்பை இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று அப்படிமங்களை எவரும் ஒப்புநோக்கலாம். ஆயினும், காடு வெட்டப்பட்டபின் கிடைத்த சாட்சியம் அது. ஏட்டில் எழுதிய உரிமையினும், அதற்கிடப்பட்ட விலையே அதனைத் துய்ப்பார் யாரென நிர்ணயித்தது எனலாம்.