உரக்கிடங்கும் குப்பைக்கிடங்கும்: புளியங்குடி வட்டாரச் சிறுநகரங்களை முன்வைத்து நகராட்சிக் கழிவு மேலாண்மை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் பல ஊர்களில் நகராட்சி குப்பை கொட்டும் இடம் இன்றும் ‘உரக்கிடங்கு’ என்ற பெயராலேயே வழங்கப்படுகிறது. நகரக் கழிவை உரமாக்கி உழவருக்கு வழங்குவது நகராட்சியின் பணிகளுள் ஒன்றாக இருந்த காலத்தின் எச்சம் இப்பெயர். அந்த உரமாக்கும் முறை தோன்றியதற்கும் சிதைந்ததற்கும் 2000-க்குப் பின் புதிய வடிவில் மீண்டதற்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கழிவைத் தரம் பிரிக்கும் வேலை ஒவ்வொரு காலகட்டத்திலும் யார்மீது சுமத்தப்பட்டது என்பதே இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புளியங்குடி, நகராட்சி, உரக்கிடங்கு, தரம் பிரித்தல், தூய்மைப் பணியாளர்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த புளியங்குடி, எலுமிச்சை வணிகத்தால் பெயர் பெற்ற நகராட்சியாகும். நெசவும் உழவும் இவ்வூரின் பிற வாழ்வாதாரங்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடைய இந்நகரம், 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து தென்காசி மாவட்டத்தில் அடங்கும். இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டுள்ள உழவர்களாலும் இவ்வட்டாரம் அறியப்படுகிறது.

நகரக் கழிவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களையே களமாகக் கொண்டுள்ளன. பெருநகரத்தில் கழிவு பிறக்கும் இடத்துக்கும் விளைநிலத்துக்கும் இடையே பல கிலோமீட்டர் தொலைவு உண்டு. புளியங்குடி, சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் தெரு முடியும் இடத்திலேயே வயலும் தோப்பும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே கழிவை மண்ணுக்குத் திருப்பும் முயற்சியின் வெற்றி தோல்விகளை ஆராயச் சிறுநகரமே தகுந்த களமாகும்.

குப்பை, எரு: சொல்வழக்கு

பழந்தமிழில் ‘குப்பை’ என்பது குவியலைக் குறித்தது. நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. குறுந்தொகைப் புலவர்களுள் ஒருவர் ‘குப்பைக்கோழியார்’ எனப் பெயர் பெற்றதும் கருதத்தக்கது. சிற்றூர் வழக்கில் ‘குப்பை அடித்தல்’ என்பது நிலத்துக்கு எரு கொண்டு சேர்ப்பதையே சுட்டும். சாணமும் சாம்பலும் அடுக்களைக் கழிவும் குப்பைக்குழியில் சேர்ந்து மட்கி, உழவுக்கு முன் வண்டியேறி வயலுக்குச் சென்றன. வேண்டாத பொருள் என்னும் பொருளும் எரு என்னும் பொருளும் ஒரே சொல்லில் தங்கியிருந்தமை, இரண்டும் ஒரே சுழற்சியின் இரு நிலைகளாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது.

நகராட்சி உரத்தின் காலம்

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் வந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நகரக் கழிவை இரு வகையாக வரையறுத்தது. தூசி, சாம்பல், உடைந்த செங்கல் முதலியன ஒரு வகை. மலக்கழிவு, சாணம், அழுகும் பொருள்கள் முதலியன மற்றொரு வகை. இப்பகுப்பின் அடிப்படை பொதுச் சுகாதாரமே. நோய் பரப்புவதை ஊருக்கு வெளியே அகற்றுவது முதற்கடமை. அகற்றியதை என்ன செய்வது என்பது அடுத்த வினா.

அவ்வினாவுக்கு வேளாண் அறிவியல் விடை தந்தது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, காற்றுப் புகும்படி புரட்டி மட்கச் செய்யும் ‘இந்தூர் முறை’யை வகுத்தார். 1939-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய ‘பெங்களூரு முறை’ நகராட்சிகளுக்கு மேலும் ஏற்றதாயிற்று. இம்முறையில் நகரக் குப்பையும் மலக்கழிவும் அகழியில் மாறி மாறி அடுக்கப்பட்டு, மேலே மண்ணால் மூடப்பட்டன. புரட்டும் வேலை இல்லாததால் செலவும் ஆள்தேவையும் குறைந்தன. சில மாதங்களில் உரம் ஆயத்தமாயிற்று. 1943-க்குப் பின் முன்னெடுக்கப்பட்ட உணவு உற்பத்திப் பெருக்க இயக்கம், நகராட்சிகளின் உரத் தயாரிப்புக்கு அரசின் ஊக்கத்தையும் சேர்த்தது. ‘உரக்கிடங்கு’ என்னும் பெயர் பொருளோடு வழங்கிய காலம் இதுவே.

இக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அகழிகளை நிரப்பிய மலக்கழிவு, உலர் கழிப்பிடங்களிலிருந்து மனிதரால் அள்ளிச் சுமக்கப்பட்டது. அவ்வேலை அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. வீட்டார் எதையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கழிவைத் தொடுவது முழுவதும் பிறருடைய வேலையாக இருந்தது. கழிவு மண்ணுக்குத் திரும்பிய அச்சுழற்சி, சாதி அமைப்பின்மீதே நின்றது.

உரக்கிடங்கு குப்பைமேடானமை

இம்முறையின் சிதைவுக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சியோடு பரவிய வேதியுரம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. நகர மட்குரத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடே உண்டு. 50 கிலோ யூரியா மூட்டை தரும் நைட்ரஜனைப் பெற 2 டன்னுக்கு மேற்பட்ட மட்குரத்தை வண்டியேற்ற வேண்டும். மண்ணின் கரிமச் சத்தையும் நீர்ப்பிடிப்பையும் மட்குரம் பெருக்கும் என்ற உண்மை, வண்டிக்கூலிக் கணக்கின்முன் எடுபடவில்லை.

இரண்டாவது காரணம், உலர் கழிப்பிடங்கள் மறைந்தமை. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் பணியையும் உலர் கழிப்பிடக் கட்டுமானத்தையும் தடை செய்த 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை விரிவாக்கிய 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் நீதியின்பாற்பட்டவை. எனினும் மலக்கழிவு கழிவுநீர்த் தொட்டிகளுக்கு மாறியபின், பெங்களூரு முறையின் இரு மூலப்பொருள்களுள் ஒன்று உரக்கிடங்குக்கு வருவது நின்றது.

மூன்றாவது காரணம் நெகிழி. சாம்பலும் காய்கறித் தோலும் இலையுமாக இருந்த வீட்டுக் குப்பையில் பாலித்தீன் பைகளும் பொட்டலத் தாள்களும் கலந்தன. நெகிழி கலந்த குப்பையை அகழியில் இட்டால் உரம் கிடைப்பதில்லை; கிடைப்பதும் நிலத்துக்கு உதவுவதில்லை. உழவர் வாங்க மறுத்த பொருளை நகராட்சி தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பெயர் உரக்கிடங்காகவே நீடிக்க, இடம் குப்பைமேடாயிற்று.

சட்டத்தின் திருப்பம்

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், திடக்கழிவு மேலாண்மையை நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்த்தது. 1994-இல் சூரத் நகரில் பரவிய கொள்ளைநோய் அச்சம் நகரத் தூய்மையை நாடு தழுவிய கவலையாக்கியது. 1996-இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளிவந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு உபயோக அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதைக் கழிவை உருவாக்குவோரின் கடமையாக்கின.

1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருவகைப் பகுப்பு, நகராட்சி அகற்ற வேண்டியவற்றின் பட்டியல். 2016-ஆம் ஆண்டு விதிகளின் மூவகைப் பகுப்போ, வீட்டார் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல். கழிவைக் கையால் தொடும் பொறுப்பின் ஒரு பகுதி, சட்டத்தின் அளவிலேனும், அதை உருவாக்குபவருக்குத் திரும்பியது. இக்கட்டுரையின் நோக்கில், இதுவே இந்நூற்றாண்டு மாற்றத்தின் உட்பொருள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கான தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. முன்னையது சட்டத்தால் தடுப்பது. பின்னையது பழைய பழக்கத்தை நினைவூட்டி இணங்கச் செய்வது. கழிவைத் தோன்றும் இடத்திலேயே குறைப்பது இரண்டின் நோக்கமும் ஆகும்.

நுண் உரம் செயலாக்க மையமும் பிரிப்பவரும்

ஊருக்கு வெளியே ஒரே பெரிய கிடங்கு என்பதற்கு மாறாக, நகருக்குள்ளேயே பல சிறு இடங்களில் மக்கும் கழிவை உரமாக்குவது நுண் உரம் செயலாக்க மையங்களின் முறை. வண்டிச் செலவு குறைகிறது. கலப்பு உடனே கண்ணில் படுகிறது. ஹோவர்டின் அடுக்கும் காற்றோட்டமும் இங்கே தொட்டிகளுக்குள் திரும்பி வந்துள்ளன. திரும்பாதது மலக்கழிவு, திரும்பக் கூடாததும் அதுவே.

ஆயினும் இம்மையங்களின் வாசலில் பழைய வினாவே எழுகிறது. வீட்டார் பிரிக்காமல் கொடுத்த குப்பையைத் தள்ளுவண்டியருகிலோ மையத்தின் தரையிலோ நின்று பிரிப்பவர் தூய்மைப் பணியாளரே. 2020-இல் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. பெயர்மாற்றம் மதிப்பின் அடையாளம். அழுகிய உணவோடு உடைந்த கண்ணாடியும் மருத்துவ ஊசியும் கலந்த பையை அவர் கையால் துழாவ நேரும் வரை அம்மதிப்பு அரைகுறையானதே. ஆகவே தரம் பிரித்தலை வெறும் சுற்றுச்சூழல் பழக்கமாகக் காண்பது போதாது; உழைப்பு நீதியின் பகுதியாகவும் அது காணப்பட வேண்டும்.

உரத்தை யார் வாங்குவர் என்பது அடுத்த வினா. நகர மட்குர விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை வழங்கும் கொள்கையை 2016-இல் மத்திய அரசு அறிவித்தது. 1960-களில் வேதியுரத்தின்முன் தோற்ற அதே விலைக்கணக்கைச் சரிசெய்யும் முயற்சி இது. புளியங்குடி போன்ற ஊருக்கு இதில் இயல்பான ஒரு சாதகம் உண்டு: எலுமிச்சைத் தோப்பும் இயற்கை வேளாண் உழவரும் அருகிலேயே உள்ளமையால் வண்டித் தொலைவு குறைவு. எனினும் நெகிழித் துண்டோ கண்ணாடிச் சில்லோ கலந்த உரத்தைத் தோப்பில் இட எந்த உழவரும் உடன்படமாட்டார். வீட்டு அடுக்களையில் நிகழும் பிரிப்பே தோப்பில் உரத்தின் ஏற்பைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. நகரக் கழிவை உரமாக்குவது தமிழகச் சிறுநகரங்களுக்குப் புதியதன்று. ‘உரக்கிடங்கு’ என்னும் சொல் அதற்குச் சான்று.

2. பழைய முறையின் சிதைவுக்கு வேதியுரத்தின் விலைச்சாதகம், கழிப்பிட மாற்றம், நெகிழிக் கலப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே காரணமாயின. மக்களின் அலட்சியம் என்ற ஒற்றைக் காரணம் இச்சிதைவை விளக்கப் போதாது.

3. பழைய முறை சாதியத்தால் சுமத்தப்பட்ட உழைப்பின்மீது நின்றது. புதிய முறை வீட்டாரின் கடமையின்மீது நிற்க வேண்டும் எனச் சட்டம் கருதுகிறது. நடைமுறை இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது.

கழிவு மேலாண்மையின் வெற்றியை அகற்றப்பட்ட டன் கணக்கில் மட்டும் அளப்பது சுகாதாரத் துறையின் பழைய அளவுகோல். பிரிக்கப்படாத குப்பை எத்தனை பணியாளர் கைகளில் விழுகிறது, ஆக்கப்பட்ட உரத்தில் எவ்வளவு நிலத்தைச் சேர்கிறது என்னும் இரு அளவுகளும் நகராட்சிப் பதிவுகளில் இடம்பெறுமாயின், உரக்கிடங்கு தன் பெயருக்குரிய பொருளை மீண்டும் பெறுகிறதா என்பதை எதிர்கால ஆய்வாளர் அறிய இயலும்.