மெத்தையின் வம்சாவளி

முல்லைத்தீவுக்கு அணித்தாகவுள்ள தண்ணீரூற்றிலே படுக்கை என்றால் நெடுங்காலம் பாய்தான். பனையோலையிலும் புல்லிலும் பெண்கள் இழைத்த பாய், பகலில் சுருண்டு மூலையில் நிற்கும், இரவில் விரியும். இலவம்பஞ்சு மெத்தையும் தும்பு மெத்தையும் வசதி படைத்தோர் வீட்டுப் பொருள்கள். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம்களும் வீடு வாசலை விட்டுப் போனார்கள். 2009இல், யுத்தத்தின் இறுதி மாதங்களில் சிதறுண்ட வன்னி மக்கள் செட்டிகுளம் முகாம்களின் கூடாரங்களில் வெறுந்தரையில் படுத்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடலாம். மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. ஓட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பிறந்த வீட்டில்தான் மெத்தை நுழைகிறது.

மீள்குடியேற்றத்தின் பின்னர் பிளாஸ்டிக் உறையிட்ட மெத்தைகள் லொறிகளில் வன்னிக்கு வருகின்றன. பலரும் அவற்றைத் தவணைப் பணத்துக்கு வாங்குகிறார்கள். அந்த மெத்தை எங்கே பிறந்தது, யாருடைய கைகளில் வளர்ந்தது என்று விசாரிப்பது வீண் வேலையன்று. மெத்தைக் கம்பனிகள் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி வைத்திருக்கின்றன. அச்சரித்திரத்தில் தொலைநோக்குள்ள ஒரு தந்தை இருப்பார். சிறியதொரு தொழிற்கூடம் இருக்கும். அதனை விருத்தி செய்த பிள்ளைகள் இருப்பார்கள். இறுதியில் ஊர்தோறும் கடைகள் இருக்கும். இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று.

தும்பு மெத்தையைப் பெருங்கைத்தொழிலாக வளர்த்தது தென்னிந்தியா. அங்கே இரு குடும்பங்களின் கதையை எடுத்துக்கொள்வோம். 1962இல், மணிப்பாலைச் சேர்ந்த பை குடும்பத்தின் டி. ரமேஷ் யு. பை, கர்நாடகா கன்ஸ்யூமர் புரொடக்ட்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். அதன் மெத்தையே 'கர்லான்'. அடுத்த ஆண்டு, 1963இல், கேரளத்து ஆலப்புழையில் பி. சி. மாத்யூ 'டியூரோபிளெக்ஸ்' கம்பனியை நிறுவினார். இரண்டும் முதலிற் பேர் பெற்றது இறப்பர் ஏற்றிய தும்பு மெத்தையால். தும்பைக் கயிறாக முறுக்கிச் சிலகாலம் விட்டுப் பின் பிரித்தால் அது சுருள் சுருளாகவே நிற்கும். அச்சுருளைப் பரப்பி, அதன்மீது இறப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்தி, வெப்பத்தில் பதப்படுத்தினால் அமுக்கினாலும் மீண்டெழும் படுக்கை கிடைக்கும். பழைய தும்பு மெத்தையைப்போல அது கட்டிபட்டுப் பள்ளம் விழுவதில்லை.

இவ்விரு குடும்பங்களின் முயற்சியையும் திறமையையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் இது சாத்தியமானதற்குக் காரணம் என்ன? தென்னையும் இறப்பரும் அருகருகே விளையும் பூமி அது. வெளிநாட்டுப் பொருள்களுக்கு இந்திய அரசு விதித்திருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டு உற்பத்திக்குச் சந்தையை ஒதுக்கித் தந்தது. 1953இன் கயிற்றுக் கைத்தொழிற் சட்டத்தின்கீழ் 1954இல் கயிறு வாரியம் அமைந்தது. ஆக, குடும்ப முதலுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது பொதுமக்களின் அரசு.

அரசுக்கும் முன்னே தொழிலாளி நின்றான். ஆலப்புழையில் 1859இல் ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் கயிற்று விரிப்புத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியக் கம்பனிகள் பல வந்தன. தேங்காய் மட்டைகளை மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறவைத்து, நாற்றமெடுக்கும் அம்மட்டைகளைத் தடியால் அடித்துத் தும்பெடுத்து, இராட்டினத்தில் கயிறு திரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1922இல் வாடப்புறம் பாவா என்ற தொழிலாளி முன்னின்று திருவிதாங்கூர்த் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1938இல் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். 1946 ஒக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் படைகளுக்கு முன்னே நின்று துப்பாக்கிக்கு இரையானவர்களுள் கயிற்றுத் தொழிலாளர் பலர். பதினேழு ஆண்டுகளின் பின் அதே ஊரில் மெத்தைக் கம்பனி பிறந்தது. தும்பின் இயல்பை அறிந்த கைகளும் தும்பு வணிகத்தின் பாதைகளும் அங்கே நூறாண்டுகளாக உருவாகியிருந்தன. கம்பனி அவற்றைப் படைக்கவில்லை, அவற்றின்மேல் எழுந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறப்பர் ஏற்றிய மெத்தைக்குப் பெரிதும் பயன்படுவது காயலில் ஊறிய வெண்தும்பன்று. இயந்திரத்தில் உரித்த பழுப்புத் தும்பு. தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பிரதேசம் அதற்குப் பேர்போனது. இலங்கையும் இவ்வணிகத்துக்குப் புறம்பானதன்று. நம் நாட்டுத் தும்பாலைகளில், ஊறிய மட்டையை ஆணி பதித்த உருளைகளில் பிடித்து நீண்ட தூரிகைத் தும்பைச் சீவியெடுப்பார்கள்; கழிந்து விழும் குறுந்தும்புக்கு ஏற்றுமதிச் சந்தையிலே 'மெத்தைத் தும்பு' என்றே பெயர். சுழலும் உருளையின் முன்னே தூசியைச் சுவாசித்து நின்றவர்களிலும் பெண்கள் அநேகர். அந்தத் தும்பு ஐரோப்பிய வீடுகளின் மெத்தைகளுக்குள் போயிற்று.

அரை நூற்றாண்டில் அவ்விரு கம்பனிகளும் பிராந்திய எல்லையைக் கடந்தன. நுரை மெத்தை வந்தது. வில்சுருள் மெத்தை வந்தது. பெயர் தாங்கிய காட்சியறைகள் நகரங்களை நிறைத்தன. பின்னர் முதலாளித்துவத்தின் பழைய விதி தன் வேலையைச் செய்தது. 1971இல் ஷீலா கௌதம் தொடங்கிய ஷீலா ஃபோம் என்ற கம்பனி, 'ஸ்லீப்வெல்' மெத்தையால் வட இந்தியாவில் வளர்ந்து, 2016இல் பங்குச் சந்தையில் இறங்கியது. அதுவும் ஒரு குடும்பக் கம்பனிதான். 2023 ஜூலையில் அக்கம்பனி கர்லானின் 94.66 வீதப் பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்தது. கர்லானுக்கு இடப்பட்ட மதிப்பு 2,150 கோடி ரூபாய். ஒரு குடும்பம் அறுபதாண்டு வளர்த்த பெயர் மற்றொரு குடும்பத்தின் கணக்கேட்டிற் சேர்ந்தது. சிறு மீனைப் பெரு மீன் விழுங்கும் இக்கதையில், குடும்பக் கம்பனி என்றால் உறவும் பாசமும் உள்ள இடம் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் நிலைக்கும்?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 2,150 கோடி என்று மதிப்பிடப்பட்டபோது எவையெவை எண்ணப்பட்டன? ஆலைகள், இயந்திரங்கள், கடைகள், வணிகப் பெயர், எதிர்கால இலாபம். தும்பைச் சுருளாக்கிய கைகளின் ஆண்டுகள் எண்ணப்பட்டனவா? கணக்கியலில் அதற்கு நிரல் இல்லை. பங்கை விற்றவருக்கு அவருடைய கடந்த காலத்தின் விலை கிடைத்தது. உழைத்தவருக்கு அன்றன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. கம்பனிச் சரித்திரம் ஸ்தாபகர் பெயரோடு நின்றுவிடுவதற்கும் இக்கணக்கு முறைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சொத்துரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே சரித்திரத்துக்கும் உரிமையாளராகிவிடுகிறார்.

ஆகையால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தொழிலின் வரலாற்றைக் கற்பிக்கும்போது மன்னர் பட்டியலைப்போல ஸ்தாபகர் பட்டியலைத் தந்து முடிக்காதீர்கள். மாணவரின் வீட்டில் கிடக்கும் மெத்தையின் ஓரத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது தும்பா, நுரையா? அது எங்கிருந்து வந்தது? அதைச் செய்தவர் இரவில் எதன்மேற் படுக்கிறார்? வாங்கியவர் தவணையை எதை விற்றுக் கட்டுகிறார்? பாய் இழைக்கும் பாட்டியிடமும் போய், ஒரு பாய்க்கு எத்தனை நாள் செல்லும், அதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பாயையும் இழந்து வெறுந்தரையிற் படுத்த ஒரு ஊருக்கு நல்ல மெத்தை வருவதை நாம் வரவேற்கிறோம். உழைத்து ஓய்ந்த உடம்புக்கு மென்மையான படுக்கை ஆடம்பரமன்று, உரிமை. அந்த உரிமை தும்படித்தவளுக்கும் உண்டு. கடன் தீர்ந்து, மீண்டும் இடம்பெயர வேண்டுமோ என்ற அச்சமும் நீங்கி, தண்ணீரூற்றில் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டில் நிம்மதியாக உறங்கும் நாளிலேதான் மெத்தையின் சரித்திரம் மக்களின் சரித்திரமாகும்.