துளை போடுவது யார்?

ஒரு அலுமினியத் தகட்டில் துளை போடுவதில் என்ன வரலாறு இருந்துவிட முடியும்? தமிழ் எம்.ஏ. படித்த எனக்குள் இந்தக் கேள்வியைக் கிளப்பியது எங்கள் தெருப் பட்டறைதான். ‘ஓட்டையப் போட்டுட்டாப் போதுமா, பிசிற எவன் எடுக்குறது?’ என்று மேஸ்திரி ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். விமான இறக்கையின் வரலாறும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒரு சிறு உலோக விமானத்தின் இறக்கைகளில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். விலாச் சட்டங்களை நிறுத்தி, மேலே தகட்டைப் போர்த்தி, தற்காலிகக் கவ்விகளால் பிடித்துத் துளையிடுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, துளை துளையாகப் பிசிறு நீக்கி, மறுபடி பூட்டி ரிவெட் அடிக்கிறார்கள். பிசிறு நிற்கும் விளிம்பில் விசை குவியும். பறக்கும்போது மாறிமாறி விழும் சுமையில் அங்கிருந்துதான் கீறல் கிளம்பும்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளுக்குள் லட்சக்கணக்கான பெண்கள் வந்தார்கள். துளையிடுவதும் ரிவெட் அடிப்பதும் அவர்கள் வேலைகளாயின. 1943 மே 29 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டையில் நார்மன் ராக்வெல்லின் ரோசி, மடியில் ரிவெட் துப்பாக்கியோடு சாண்ட்விச் தின்கிறாள். 1945ல் போர் முடிந்ததும் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். பிம்பத்தை வைத்துக்கொண்டு உடல்களைத் துரத்திவிட்டது தேசம்.

1953ல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1971ல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் தான் வடிவமைத்துக் கட்டிய ஆர்.வி.-3 என்ற உலோக விமானத்தைப் பறக்கவிட்டார். அவருடைய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பாகங்களைக் ‘கிட்’டாக விற்கத் தொடங்கியது. இதற்கான அமெரிக்க விதி சுவாரசியமானது: கட்டுகிறவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே விமானத்தின் பெரும்பகுதியை உருவாக்கியிருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தது இந்தக் கணக்கில் சேராது. அதே தகடு, அதே துளை. தொழிற்சாலையில் ‘உழைப்பு’, வீட்டு ஷெட்டில் ‘ஓய்வு’. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது உலோகமல்ல, அதிகாரம்.

இதை வைத்து வீட்டு ஷெட்டை விடுதலை வெளி என்று கொண்டாட நான் தயாரில்லை. ஷெட் வேண்டும், காசு வேண்டும், வருஷக்கணக்கில் ஓய்வு வேண்டும். ஷிஃப்ட் முடித்துவந்த ரோசிக்கு இதில் எது இருந்தது? தவிர, துளையும் கைமாறிவிட்டது. பிற்காலத்துக் கிட்டுகளில் எந்திரமே துளையிட்டு அனுப்புகிறது. வான்ஸ் நிறுவனம் ஒரு கட்டத்தில் லேசரால் துளை வெட்டியது. ரிவெட் தலை படிவதற்காகத் தகட்டைக் குழித்தபோது அந்தத் துளை விளிம்புகளில் கீறல் விடுவது 2023ல் பெரும் பிரச்சினையானது. அவ்வருஷம் டிசம்பரில் நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்பைக் கோரியதற்கு இதுவும் ஒரு காரணம்.

துளை போட்டது எந்திரம். கீறலைத் தேடி விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது, அதில் ஏறிப் பறக்கப்போகிறவர்கள். ரோசி பிசிறெடுத்த இறக்கையில் பறந்ததோ வேறு யாரோ. வேகத்தையும் எண்ணிக்கையையும் பற்றியே பேசும் தொழில்நுட்ப வரலாறுகளிடம் மேஸ்திரியின் கேள்வியை நாம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது: பிசிற எவன் எடுக்குறது?