வழக்கறிஞர் பயிற்சியும் தோட்டத்துத் தமிழரும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில் கியா பார்ம் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல்மட்டத்திற்கு ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். காய்கறித் தோட்டங்களும் சந்தையும் சூழ்ந்த இடம். சற்றுத் தொலைவு சென்றால் மலைச்சரிவெல்லாம் தேயிலை. இம்மலையில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வாழ்ந்த தமிழர் குடும்பத்துப் பிள்ளையொன்று வழக்கறிஞராக விரும்பினால், சட்டத் தேர்வில் வெற்றி பெறுவது மட்டும் போதுமா? போதாது. தேர்வுக்குப் பின்னர் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் அமர்ந்து தொழில் பழகுதல் வேண்டும். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, இதன் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவோம்.

முதலிற் சொற்களைக் காண்போம். தமிழாசிரியர்க்கு இப்பகுதி சுவையளிக்கும். தமிழ்நாட்டார் வழங்கும் வக்கீல் என்னும் சொல் அரபு மொழியிற் பிறந்து பாரசீக வழியாக நம்மிடம் வந்தது. பிறருக்காகச் செயலாற்றுபவன் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்தார் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு சொற்களை வழங்கினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தின் எச்சங்கள் அவை. அப்புக்காத்து நீதிமன்றத்தில் நின்று வாதிடுபவர். பிரக்கிராசி, கட்சிக்காரரை நேரிற் கண்டு, கதை கேட்டு, பத்திரம் எழுதி, வழக்கை உருவாக்கிக் கொடுப்பவர். இங்கிலாந்தில் முன்னவரைப் பாரிஸ்டர் என்றும் பின்னவரைச் சொலிசிட்டர் என்றும் கூறுவர். மலேசியாவில் இவ்விருவரும் ஒருவரே. ஆகையால்தான் மலாய்மொழி, பெகுவம்பேலா, பெகுவம்சாரா என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறது. நாம் வழக்கறிஞர் என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அழகிய சொல்தான், ஆயினும் அச்சொல்லுக்குள் இருவகைத் தொழில் மறைந்திருப்பதை மறத்தலாகாது.

இரு தொழிலுக்கும் பயிற்சி முறையும் வேறாக இருந்தது. இங்கிலாந்தில் 1729 ஆம் ஆண்டுச் சட்டம், சொலிசிட்டர் ஆக விரும்புபவன் ஐந்தாண்டுக் காலம் ஒரு சொலிசிட்டரிடம் எழுத்து உடன்படிக்கை செய்துகொண்டு பழகவேண்டுமென விதித்தது. தச்சனிடமும் தட்டானிடமும் பிள்ளையைத் தொழில் பழக விடுவது போன்றதே இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே பழகுபவனுக்குச் சம்பளம் இல்லாததோடு, அவன் தந்தையே முதலாளிக்குப் பெருந்தொகை கட்டவேண்டும். பணமில்லாதவன் மகன் சொலிசிட்டர் ஆதல் அரிதாயிற்று. பாரிஸ்டர் ஆவதோ வேறு வகை. இலண்டனிலுள்ள நான்கு சட்டக் கழகங்களுள் ஒன்றிற் சேர்ந்து, குறித்த எண்ணிக்கையில் விருந்துண்டு, தேர்வு எழுத வேண்டும். அலுவலகத்தையே காணாத ஒருவர் பாரிஸ்டர் ஆகிவிட இயலும். காந்தியடிகள் 1891 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவ்வாறுதான் பாரிஸ்டர் ஆனார். பம்பாய்ச் சிறு வழக்கு மன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது நாவெழாமல் உட்கார்ந்துவிட்டார். சட்டம் தெரியும், தொழில் தெரியாது.

அவர் தொழில் பழகியது தென்னாப்பிரிக்காவில். 1893 இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கிற்குத் துணையாகச் சென்றார். பிரிட்டோரியாவில் பேக்கர் என்னும் ஆங்கில வழக்கறிஞர்க்கு உதவியாக அமர்ந்து, கணக்குப் பதிவு முறையை நூல் வாங்கிப் படித்து, கட்டுக்கட்டான கடிதங்களைப் புரட்டினார். உண்மைச் செய்திகளே சட்டத்தின் முக்காற் பங்கு என்னும் தெளிவு அங்கேதான் அவருக்குக் கிட்டியது. மறு ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்திற் பதிந்துகொள்ள மனுச் செய்தபோது வெள்ளை வழக்கறிஞர் சங்கம் தடை எழுப்பிற்று. தலைமை நீதிபதி தடையைத் தள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். அவரும் எடுத்தார்.

பதிந்து மூன்று நான்கு திங்களே ஆகியிருந்த நிலையில் அவர் அலுவலகத்திற்கு ஒரு தமிழர் வந்தார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். டர்பன் நகரில் ஒரு வெள்ளையரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். ஆடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக நடுங்கி நின்றார். தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளையர் முன் செல்லும் தொழிலாளி அவ்வாறு செல்லவேண்டுமென்பது அங்கு நிலவிய வழக்கம். அத்துணியைத் திரும்பக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். தம் தலைப்பாகையை நீதிமன்றத்தில் எடுத்தவர், ஏழைத் தொழிலாளி தம்முன் எடுப்பதைப் பொறுக்கவில்லை.

பின் நடந்ததைப் பயிற்சி வழக்கறிஞர் ஒவ்வொருவரும் கூர்ந்து படிக்கலாம். பாலசுந்தரத்தின் மொழி காந்தியடிகளுக்குப் புரியவில்லை. அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவரே கேட்டுச் சொன்னார். முதற் செயலாக மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்று பெற்றார். அடுத்து நீதிபதி முன் நிறுத்தினார். முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது காந்தியடிகள் நோக்கமன்று. தொழிலாளியை அவரிடமிருந்து விடுவிப்பதே நோக்கம். ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து ஆராய்ந்தார். சாதாரண வேலையாள் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டால் அது உரிமையியல் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் அது குற்றம், சிறைத் தண்டனைக்குரியது. விடுதலைக்கு இரண்டே வழி இருந்தன. தொழிலாளர் காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்கவேண்டும் அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றவேண்டும். இல்லையேல் முதலாளியே இசைந்து விடவேண்டும். ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றுவித்து முடித்தார். நீதிமன்றப் பேச்சு இதில் மிகக் குறைவு. சான்று பெறுதல், சட்டத்தைத் தேடுதல், இசைவு வாங்குதல், எழுத்தில் முடித்தல் ஆகிய யாவும் சொலிசிட்டர் பணியே. அந்த அலுவலகத்திற் பெயர் அறியப்படாது அமர்ந்திருந்த தமிழ் எழுத்தர் இல்லையேல் அவ்வழக்கே இல்லை. வரலாற்று நூலார் அவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்கவில்லை.

பின்னர் ஜொகானஸ்பர்க்கில் காந்தியடிகளே பயிற்சியளிப்பவர் ஆனார். போலக் என்னும் ஆங்கிலேயர் அவரிடம் உடன்படிக்கை செய்து பழகி, 1908 இல் வழக்கறிஞராய்ப் பதிந்தார். அவ்வலுவலகச் செயலாளர் சோஞா சிலேசின் என்னும் இளம்பெண் 1909 இல் அதே பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்னும் ஒரே காரணத்தால் சட்டக் கழகம் மறுத்துவிட்டது. ஆசிரியர் ஆயத்தம், மாணவி ஆயத்தம், வாயில்மட்டும் அடைத்திருந்தது.

அதே காலத்தில் நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளர்க்குப் பிறந்த ஜோசப் இராயப்பன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, இலண்டனில் பாரிஸ்டரும் ஆகித் திரும்பினார். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அந்நாட்டில் கூலிகளின் மகன் பாரிஸ்டரானது அரிய செயல். அவர் தொழில் நடத்திப் பொருளீட்ட அமரவில்லை. 1910 இல் டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, காய்கறிக் கூடையைச் சுமந்து உரிமமின்றி விற்றுச் சிறை சென்றார்.

இலங்கையிலும் சென்னையிலும் இம்முறை எவ்வாறு முடிந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறி மலாயாவுக்கு வருவோம். இலங்கையில் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் பிரிவு நீங்கி, 1974 முதல் இருவரும் ஒரே தொழிலர் ஆயினர். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் ஒரே வகுப்பை ஏற்படுத்திற்று. கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களில் எஞ்சி நின்ற சொலிசிட்டர் முறையும் 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது.

மலாயாவில் இருவகைத் தொழிலும் தொடக்கத்திலேயே ஒன்றாயின. ஆனால் கல்வி உள்நாட்டில் இல்லை. இலண்டன் சென்று வருவதற்கான பொருள் உள்ள வீட்டார்க்கே தொழில் கிட்டிற்று. ஆகவே இந்நாட்டின் தொடக்கக் காலத் தமிழ் வழக்கறிஞர்களைப் பார்த்தால், வணிகர் அல்லது யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலர் குடும்பத்தினரே மிகுதி. தோட்டத்து லயத்திலிருந்து சென்றவரைக் காண்பது அரிது. இது குறையாகச் சொல்லப்படவில்லை. அவர்களுட் பலர் தொழிலாளர்க்கு அரணாக நின்றனர். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள், தர்மராஜாவும் எஸ். பி. சீனிவாசகமும், பேரும் புகழும் பெற்ற வழக்கறிஞர்கள். இளையவராகிய தர்மராஜா 1921 இற் பிறந்து 1969 இல் மறைந்தார். ஈப்போ மக்கள் அவர் பெயரில் ஒரு பூங்காவையே வைத்திருக்கின்றனர்.

ஈப்போவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. வில்லியம் கேமரன் 1885 இல் அளந்து கண்ட இம்மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் மலையேறும் சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து போடப்பட்டது. 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, மலைக்கு வேண்டிய பொருள், மருத்துவம், வழக்கறிஞர் அனைத்தும் பேராக் பக்கத்திலிருந்தே வந்தன. மாநில அலுவல் ஒருபுறம், வாழ்க்கைப் பாதை மறுபுறம்.

உள்நாட்டுச் சட்டக் கல்வி 1957 இல் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கோலாலம்பூரில் சட்டத்துறை 1972 இல் ஏற்பட்டது. வெளிநாட்டுப் பட்டம் பெற்றோர்க்கென 1984 இல் தனித் தேர்வொன்று வகுக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் வாயில் அப்போதுதான் திறந்தது. இரண்டாம் வாயில் பயிற்சி.

1976 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டப்படி ஒன்பது திங்கள் பயிற்சி உண்டு. 'சேம்பரிங்' என்று எல்லாரும் கூறுவது இதனையே. குறைந்தது ஏழாண்டு தொழில் நடத்தியவரே 'மாஸ்டர்' ஆகலாம். முதல் மூன்று திங்களுக்குப் பின்னர் நீதிமன்ற அனுமதி பெற்று, நாள் கேட்பது போன்ற சிறு அலுவல்களுக்கு மாணவரே நிற்கலாம். இதைக் 'குட்டி அழைப்பு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மற்றப்படி நாளெல்லாம் நடப்பது வேறு. விடியலில் நீதிமன்றப் பதிவகத்தில் வரிசையில் நிற்றல். நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் படியெடுத்தல். உறுதிமொழிப் பத்திரத்தில் முத்திரை வாங்குதல். ஆவணக் கட்டுக்குப் பக்க எண் இடுதல். மாஸ்டர் சிவப்பு மையால் அடித்துத் தந்த வரைவைத் திரும்ப எழுதுதல். இவற்றை எடுபிடி வேலை என்று இகழ்வாரும் உளர். ஒரு பக்க எண் தவறியதால் ஒரு நாள் விசாரணை தள்ளிப்போவதைக் கண்டவர் அவ்வாறு இகழார்.

இச்சட்டத்தில் ஒரு விதி நம் கவனத்திற்குரியது. பயிற்சிக் காலத்தில் மாணவர் வேறு வேலை பார்த்தல் ஆகாது. மாஸ்டர் தரும் ஊதியம் பெறலாம். விதியின் நோக்கம் நன்று, மனம் சிதறாதிருக்க வேண்டுமென்பதே. ஆனால் அலுவலகம் கோலாலம்பூரில், வீடு கியா பார்மில் என்றால் வாடகை யார் தருவது? மாஸ்டர் தருவது சிறு தொகை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கவும் வழி குறைவு. அதற்கு முன்பாக மாஸ்டரைத் தேடிப்பிடிக்க வேண்டும். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பாவோ மாமாவோ ஒரு சொல் சொன்னால் போதும். தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வாறு சொல்லத் தலைமையாசிரியரை விட்டால் ஆளில்லை. பழைய இங்கிலாந்தில் தந்தை கட்டிய பெருந்தொகை இன்று வேறு உருவில் நிற்கிறது என்றே யான் கருதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியதோடு நம் கடமை முடிந்ததென்று பலர் நினைக்கிறோம்.

உள்ளே சென்றபின் அப்பிள்ளைக்கு ஒரு வலிமையும் உண்டு. பயிற்சியின் ஒரு பகுதியாக வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் அமர்ந்து ஏழைகளின் குறை கேட்கவேண்டும். நீதிமன்ற அலுவல்மொழி மலாய். சட்ட நூல்கள் ஆங்கிலம். வந்து உட்காரும் முதியவர் பேசுவதோ தமிழ். பிறப்புப் பத்திரம் இல்லாமையால் அடையாள அட்டை கிட்டாதவர், வேலையிற் காயமடைந்து இழப்பீடு பெறாதவர், தோட்டம் விற்கப்பட்டதால் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டவர் ஆகியோர் தம் கதையை ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். பத்தாண்டுக்கு முன் இறந்த கங்காணியிலிருந்து தொடங்குவார்கள். அதற்குள்ளிருந்து நாளையும் பெயரையும் கையொப்பத்தையும் பிரித்தெடுக்கத் தோட்டத்து மொழி தெரிந்திருத்தல் வேண்டும். டர்பன் அலுவலகத்துத் தமிழ் எழுத்தர் செய்த வேலை இது. இன்று அதை வழக்கறிஞரே செய்யலாம்.

கேமரன் மலைக்கே உரிய ஒரு பத்திரத்தையும் இங்குக் குறிப்பிடுவோம். இம்மலையில் காய்கறி பயிரிட்டோர் பலரிடம் இருந்தது நிலப்பட்டா அன்று; தற்காலிக உரிமம். 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அவ்வுரிமம் ஆண்டின் இறுதி நாளோடு முடிந்துவிடும். தந்தை இறந்தால் மகனுக்குச் சேராது. இருபதாண்டு உழுத நிலமானாலும் சட்டத்தின் கண்ணில் அது ஓராண்டு நிலமே. 2019 இல் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்கள் அகற்றப்பட்டபோது இவ்வேறுபாடு பலர்க்கு விளங்கிற்று. இம்மலையிலிருந்து பயிற்சிக்குச் செல்லும் இளைஞர் முதலிற் படிக்கவேண்டிய தாள் தம் ஊரார் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

ஒன்பது திங்கள் முடிந்தபின் மனு, மாஸ்டரின் உறுதிமொழி, நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் பெயர் ஆகியவை நிறைவேறி, உயர் நீதிமன்றத்தில் ஒரு காலை அழைப்பு வரும். கறுப்பு அங்கியும் வெண் கழுத்துப் பட்டையும் அணிந்து மாணவர் நிற்க, வேறொரு வழக்கறிஞர் எழுந்து அவரை நீதிபதிக்கு அறிமுகப்படுத்துவார். படித்த பள்ளி, பெற்ற பட்டம், மாஸ்டரின் பெயர் ஆகியவற்றோடு பெற்றோரையும் குறிப்பிடுவது வழக்கம். தந்தை தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்றால் அதுவும் திறந்த மன்றத்தில் சொல்லப்படும். ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்பார். எதிர்ப்பு இல்லையெனில் அன்றே பெயர் பதிவாகும்.